போன ஆண்டு போர்த்திய பொன்னாடை

என் பேச்சு இருபத்தைந்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் தலைவர், பெரியவர் கலியாணசுந்தரம் அவர்களே! ஆண்டுதோறும் விழா எடுத்து, ஆண்டுதோறும் என்னிடமே அகப்பட்டுக்கொள்ளும் இளங்கதிர் மன்றத்துத் தோழர்களே! தறியை நிறுத்திவிட்டுத் தலைவாரிக்கொண்டு வந்து தரையில் அமர்ந்திருக்கும் பிள்ளையார்பாளையத்துப் பெருமக்களே! சின்ன காஞ்சிபுரத்திலிருந்து சிரமம் பாராமல் நடந்தே வந்திருக்கும் நண்பர்களே! உலையை இறக்கிவைத்துவிட்டு ஓடோடி வந்த தாய்மார்களே! நான் எந்த நொடியில் உரக்கக் கத்துவேனோ என்று ஒலிபெருக்கியின் திருகை இறுகப் பிடித்தபடி நிற்கும் தம்பி வேணுகோபால் அவர்களே!

இன்னும் ஒரு வணக்கம் பாக்கி இருக்கிறது. வரவேண்டும் என்று ஆசைப்பட்டும், "நான் போய்விட்டால் யார் பார்த்துக்கொள்வது?" என்று வாசல்வரை வந்து திரும்பிப் போய்விட்டவர்கள் இந்தத் தெருவில் இருக்கிறார்கள். அந்த உள்ளங்களுக்கும் என் வணக்கம். அது அவர்கள் காதில் விழாது. ஆனாலும் சொல்லவேண்டியது என் கடமை.

யாரய்யா அங்கே கைதட்டுவது? இன்னும் நான் ஆரம்பிக்கவே இல்லையே! கையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் அந்தக் கை எனக்கு வேண்டியிருக்கிறது, தட்டுவதற்கு அல்ல, தூக்குவதற்கு.

எனக்கு இன்று தந்திருக்கும் தலைப்பு, "தொண்டு செய்து வாழ்வோம்". பொருத்தமான தலைப்பு! இந்தத் தலைப்பில் இதுவரை நாற்பத்து மூன்று மேடைகளில் முழங்கியிருக்கிறேன். தொண்டு என்ற சொல்லைக் கேட்டாலே என் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும். வாலாஜாபாத்தில் நான் பேசியபோது முதல் வரிசையில் ஓர் அம்மையார் தாரைதாரையாகக் கண்ணீர் வடித்தார். ஆகா, என் பேச்சு கல்லையும் கரைக்கிறதே என்று பூரித்துப் போனேன். பிறகு விசாரித்தால், மேடைக்குப் பின்னால் வடை சுட்ட அடுப்பின் புகை!

நீங்கள் எனக்குச் "சொல்லருவி" என்று பட்டம் கொடுத்தீர்கள். சொல்லருவி பரமசிவம்! நெசவாளர் சங்கத்தில் கணக்கெழுதும் குமாஸ்தாவுக்கு இப்படி ஒரு பட்டம். சாலையில் போகும்போது நாலு பேர் கும்பிடுவார்கள். நானும் சற்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன். பெண்கல்வியைப் பற்றி நான் பேசிய மேடைகள் ஒன்பது. கேட்டீர்களா, ஒன்பது! அந்த ஒன்பது மேடைக்கும் நான் கிளம்பிப் போன அதே நாட்களில், என் ஒரே மகள் அம்சா, எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றுபோய், என் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்திருந்தாள். ஏன் நின்றாள் என்று நான் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த வாய்க்கு, வீட்டுக்குள் ஒரு கேள்வி கேட்க நேரம் இல்லை.

பெருமக்களே, இன்று நான் பேச வரவில்லை. எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டும், கேட்க வந்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை என் மகள் மறுபடியும் பள்ளிக்கூடம் போகவேண்டும். சேர்த்துக்கொள்வதாகத் தலைமையாசிரியை ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் அவள் போவதும் போகாததும் என் கையில் இல்லை. உங்கள் கையில் இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன். சொல்வதற்கு முன் நான் கொஞ்சம் அசிங்கப்பட வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆண்டு, எழுபத்தொன்றாம் ஆண்டு ஆனி மாதம், இதே மேடை, இதே மன்றம், இதே ஒலிபெருக்கி. சிறந்த நெசவாளருக்குப் பொன்னாடை போர்த்தினோம். யாருக்குப் போர்த்தினோம்? நினைவிருக்கிறதா? என் தம்பி மாணிக்கவாசகத்துக்கு! முக்கால் மணி நேரம் நான் பேசினேன். தலைவர் தலையில் கை வைத்துக்கொள்கிறார் பாருங்கள், அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. "கரையும் உடலும் கலக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கோர்வை! விரலா அது, வித்தை! கையா அது, கலை!" என்றெல்லாம் அள்ளி வீசினேன். அன்று கைதட்டியவர்கள் யார் யார்? கை தூக்குங்கள் பார்க்கலாம். ம்... பாதிப் பேர் மறந்துவிட்டது போலப் பாவனை செய்கிறீர்கள். பரவாயில்லை. குற்றவாளி நான், நீங்கள் வெறும் சாட்சிகள்.

அந்தக் கதையின் முன்பாதியை யாரும் அறியமாட்டீர்கள். என் தம்பிக்கு அப்போதே இரண்டு ஆண்டுகளாக உடம்பு சரியில்லை. உடம்பு என்றா சொன்னேன்? பழக்க தோஷம். மனம் சரியில்லை. நெய்துகொண்டே இருப்பவன், ஊடுநூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்துவிட்டு, யாருமே இல்லாத மூலையைப் பார்த்துப் பதில் சொல்வான். எங்களுக்குக் கேட்காத குரல் அவனுக்குக் கேட்டது. சில நாள் சாப்பிடமாட்டான். சில நாள் நடந்தே ஓரிக்கை போய்ப் பாலாற்று மணலில் உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் "அந்த ஆளைப் போகச் சொல்லுண்ணா, தலைக்குள்ள பேசிக்கினே கீறான்" என்று என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான்.

அப்போது இந்தச் சொல்லருவி என்ன செய்தது? பொய்யாகப் பொழிந்தது! வழியில் விசாரித்தவர்களிடம் எல்லாம், "தம்பி பெரிய வேலை ஒன்று எடுத்திருக்கிறான், யாரையும் பார்ப்பதில்லை, கவனம் கலைந்துவிடும்" என்று சொன்னேன். ஊர் என்ன சொல்லும் என்று பயம். "பரமசிவம் வீட்டில் பைத்தியம்" என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பயம். மேடையில் ஆயிரம் பேரைப் பார்த்து அஞ்சாதவன், அந்தச் சொல்லுக்கு அஞ்சி நடுங்கினேன்.

நீங்களும் நம்பினீர்கள். எப்படி நம்பினீர்கள்? தறிச்சத்தம் கேட்டது! நம் தெருவில் மருத்துவர் நாடி பார்ப்பதெல்லாம் அப்புறம். காலையில் ஒரு வீட்டில் தறிச்சத்தம் கேட்டால், அந்த வீட்டு ஆண்பிள்ளை நலமாக இருக்கிறான் என்று தெரு முடிவு கட்டிவிடும். என் வீட்டில் தறிச்சத்தம் ஒரு நாளும் நிற்கவில்லை. மாதம் தவறாமல் நெய்து முடித்த சேலை தறியிலிருந்து அறுத்து இறக்கப்பட்டது. அந்தச் சேலையை என் தோளில் போட்டுக்கொண்டு, நானே சங்கத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "தம்பி கை தேறிவிட்டது போலிருக்கிறதே" என்று நானே மகிழ்ந்துபோனேன்.

என்னய்யா இது, ஒரே வீட்டில் இருந்துகொண்டு உனக்குத் தெரியாதா என்கிறீர்களா? நியாயமான கேள்வி. காலையில் தறி ஓடுவதற்கு முன்னால் சங்கத்துக்குப் போய்விடுவேன். தறி நின்ற பிறகு வருவேன், வந்ததும் மேடைக்குக் கிளம்புவேன். ஞாயிற்றுக்கிழமையா? ஞாயிற்றுக்கிழமைதானே ஐயா மேடை அதிகம்!

சரி, பொன்னாடைக்கு வருவோம். அம்சா தன் சித்தப்பாவின் கையைப் பிடித்து மெல்ல மேடைக்கு அழைத்து வந்தாள். எங்கள் வீட்டுத் தறியில் நெய்த பட்டையே பொன்னாடையாக அவனுக்குப் போர்த்தினேன். நீங்கள் தட்டினீர்கள். மாணிக்கவாசகம் அதைத் தடவிப் பார்த்தான். தோளிலிருந்து எடுத்தான். ஒழுங்காக மடித்தான். இதோ, இந்த ஒலிபெருக்கிக்கு அருகில் வந்து சொன்னான்: "இது நான் நெய்யலைங்க. எங்க அண்ணி நெய்ஞ்சாங்க. நான் எதிர்ல சும்மா குந்திக்கினு இருந்தேன், அவ்ளோதான்."

நீங்கள் சிரித்தீர்கள். பெண்பிள்ளை தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து பட்டு நெய்தாளா, இவன் ஏதோ உளறுகிறான் என்று சிரித்தீர்கள். நான்? நான் உங்களைவிடக் கெட்டிக்காரன் அல்லவா! ஒலிபெருக்கியைப் பிடுங்கி, "பார்த்தீர்களா என் தம்பியின் அடக்கத்தை! புகழைத் தனக்கு வேண்டாம் என்று தள்ளும் பண்பைப் பார்த்தீர்களா!" என்று ஒரு முழக்கம் முழங்கினேன். பந்தல் அதிர்ந்தது. அன்று இந்த மேடையில் புத்தி தெளிந்து பேசியவன் ஒருவன்தான். அவனை நான் பேசவிடவில்லை.

அப்போது என் துண்டின் நுனியை யாரோ இழுத்தார்கள். அம்சா. "அப்பா, சித்தப்பா சொல்றது நெசம்பா" என்றாள். நான் ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டேன். "அம்மாதான் நெய்யறாங்க. நான் எதிர்ப்பக்கம் குந்தி கரைக்கு நாடா போடறேன். அதுக்குத்தான்பா ஸ்கூல்லேந்து நின்னேன்" என்றாள். கோர்வை போட இரண்டு பேர் வேண்டும் என்பது இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். அந்த இரண்டாவது ஆள் யார் என்று இரண்டு ஆண்டுகளாகக் கேட்காத ஒரே ஆள், சங்கத்துக் குமாஸ்தா, சொல்லருவி, உங்கள் பரமசிவம்.

வீட்டுக்குப் போனதும் என் மனைவி வடிவாம்பாளிடம் சீறினேன். தப்பு செய்தவன்தானே முதலில் சீறுவான்! "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன். அவள் தம்பிக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எப்போ சொல்றது? நீங்க காலைல சங்கம், சாயங்காலம் மேடை. நடுவுல எந்நேரம் கீறீங்க, சொல்லுங்க" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தம்பி நெய்யறான் நெய்யறான்னு ஊரு பூரா சொல்லிக்கினு வந்தீங்க. தறி சும்மா கெடந்தா நாலு பேருக்குத் தெரிஞ்சுடும், நீங்க தலை குனியணும். அதான் குந்திட்டேன். எங்கப்பா வூட்ல பார்த்துக் கத்துக்கினதுதான்."

நான் ஊரெல்லாம் சொன்ன பொய்யை, அவள் தறியில் உட்கார்ந்து மெய்யாக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கண் நூலின்மேல், ஒரு கண் தம்பியின்மேல். என் மகளுக்கும் அப்படியே. அவர்கள் தூங்கினார்களா, சாப்பிட்டார்களா, அழுதார்களா? எனக்குத் தெரியாது. வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிட்டேன்.

அதன் பிறகாவது திருந்தினேனா என்று கேளுங்கள். கேளுங்களய்யா! திருந்தவில்லை. திருந்திவிட்டதாக நினைத்துக்கொண்டேன், அது இன்னும் ஆபத்து. வாலாஜாபாத்தில் வடிவாம்பாளின் அக்கா மகளுக்கு வளைகாப்பு வந்தது. மூன்று ஆண்டுகளாக எந்த விசேஷத்துக்கும் போகாதவள். நான் நெஞ்சில் கைவைத்து, "போய் வா! அம்சாவையும் கூட்டிக்கொண்டு போ! நான் இருக்கிறேன்! என் தம்பியை நான் பார்த்துக்கொள்ளமாட்டேனா!" என்று வசனம் பேசினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் இங்கே நடித்துக் காட்ட முடியாது.

அம்சா என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். "அப்பா, சோத்தைத் தட்டுல வெச்சா சித்தப்பா சாப்பிடமாட்டாரு. உருண்டை புடிச்சிக் கைல குடுக்கணும். கதவைத் தாழ்ப்பாள் போடாத, போட்டா பயந்துக்குவாரு. அவருக்கு யாரோ பேசற மாதிரி கேக்கும்போது, யாரும் இல்லைன்னு சண்டைக்குப் போவாத. எதிர்ல குந்திக்கினு இருந்தா போதும்." படிக்கட்டில் இறங்கியவள் திரும்பி வந்தாள். "அப்புறம்பா... ரொம்ப பேசாதப்பா."

பஸ் கிளம்பி வாலாஜாபாத் போய்ச் சேர்வதற்குள் அத்தனை சட்டத்தையும் மீறிவிட்டேன். சோற்றைத் தட்டில் வைத்தேன். பக்கத்து வீட்டார் பார்த்துவிடுவார்களே என்று கதவைத் தாழிட்டேன். அவன் மூலையைப் பார்த்துப் பேசியதும், "அங்கே யாரும் இல்லை! மனம் ஒரு குரங்கு! அதை அடக்குபவனே ஆண்மகன்!" என்று ஆரம்பித்தேன். ஆம், என் தம்பிக்கு நான் சொற்பொழிவு ஆற்றினேன்! கேட்பதற்கு ஒரே ஆள், அவனுக்கும் ஏற்கெனவே ஒரு பேச்சாளர் தலைக்குள் இருக்கிறார். பாவம், இரண்டு பேரை அவன் எப்படித் தாங்குவான்?

சிரியுங்கள், சிரியுங்கள். அன்று சிரிக்க முடியவில்லை. அவன் செம்பைத் தூக்கி எறிந்தான். பூட்டிய கதவில் மோதினான். "தொறங்க, தொறங்க" என்று கத்தினான். அந்தக் கத்தலைக் கேட்டு எதிர்வீட்டுச் சன்னல் சாத்திய சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த வீட்டுக் கதவும் சாத்தியது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. அந்தத் தெருவிலேயே முதலில் சாத்திய கதவு என் கதவு. நான் தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல், தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

அப்போது வெளியிலிருந்து கதவைத் தட்டி ஒரு குரல்: "இன்னா ஐயா, பட்டப்பகல்ல ஏன் தாள் போட்டுக்கினு கீறீங்க?" ஓரிக்கையிலிருந்து தினமும் தயிர்க்கூடையோடு வரும் அங்கம்மாள். அதோ, பெண்கள் பக்கத்தில் மூன்றாம் வரிசையில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாரே, அவரேதான். எழுந்திருக்க வேண்டாம் அம்மா, உட்காருங்கள். கதவைத் திறந்தேன். அவர் கூடையை இறக்கினார். தரையில் உட்கார்ந்தார். "இன்னா மாணிக்கம், மோர் குடிக்கிறியா?" என்றார். அவ்வளவுதான். என் தம்பி வந்து எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினான்.

நான் வாயைத் திறக்கப் போனேன். "ஒரு நாழி பேசாம இருக்க முடியாதா உங்களால?" என்றார் அங்கம்மாள். இந்தக் கேள்வியை இந்தத் தலைவர் பத்து ஆண்டுகளாகக் கேட்க நினைக்கிறார், அங்கம்மாள் கேட்டேவிட்டார்.

பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அங்கம்மாள் தினமும் தயிர் ஊற்றிவிட்டு, இருபது நிமிடம் என் தம்பியின் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. "அந்த அம்மா தலைல தண்ணி ஊத்திக்கினு வரட்டுமேன்னு குந்துவேன்" என்றார். தாய்மார்களே, என் மனைவி மூன்று ஆண்டுகளாகக் குளித்தது அந்த இருபது நிமிடத்தில்தான். நாற்பத்து மூன்று மேடையில் நான் பேசிய தொண்டு எது? கூடையை இறக்கி வைத்து இந்த அம்மா செய்த தொண்டு எது? என் நாற்பத்து மூன்றையும் ஒரு தட்டில் வைத்து, அந்த இருபது நிமிடத்தை மறு தட்டில் வைத்தால், என் தட்டு கூரையில் போய் இடிக்கும்.

அதற்குப் பிறகு சென்னையில் மனநல மருத்துவர் தேவசகாயம் அவர்களிடம் தம்பியை அழைத்துப் போனோம். நானும் அம்சாவும். டாக்டர், "சொல்லுங்க, எப்படி இருக்கார்?" என்றார். நான் எழுந்து நின்று, "ஐயா, பட்டுக்குப் பேர்போன காஞ்சியிலே, பாலாற்றுக் காற்றிலே..." என்று தொடங்கினேன். டாக்டர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். "எத்தனை மணிக்குத் தூங்கறார்?" தெரியாது. "மூணு வேளையும் சாப்பிடறாரா?" தெரியாது. "குரல் கேக்கறது காலையிலா, மாலையிலா?" அதுவும் தெரியாது. அம்சா சொன்னாள். கேட்டதற்கெல்லாம், நாள் வாரியாக, வேளை வாரியாகச் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில் பேனாவை மூடிவிட்டு, "நீ எத்தனாவது படிக்கறம்மா?" என்றார்.

அம்சா என்னைப் பார்த்தாள். "எட்டாவதுல நின்னுட்டேன் சார்" என்றாள்.

டாக்டர் என்னிடம் சீட்டைக் கொடுத்தார். "மருந்து இவருக்கு எழுதியிருக்கேன். விடாமக் குடுங்க. இந்தப் பொண்ணுக்கும் வீட்ல இருக்கற அம்மாவுக்கும் என்கிட்ட மருந்து இல்ல. அவங்களுக்குப் பக்கத்துல ஆள் வேணும். உங்க தெருவுல கிடைக்குமா பாருங்க" என்றார்.

மருந்து வேலை செய்கிறது, பெருமக்களே. என் தம்பி இப்போது தூங்குகிறான். குரல் இன்னும் கேட்கிறது, ஆனால் தூரத்தில் கேட்கிறது என்கிறான். நல்ல நாளில் தறிக்கு எதிரில் உட்கார்ந்து நூல் அறுந்தால் முடிகிறான். முழுவதும் குணமாகிவிட்டான் என்று இன்னொரு பொய் சொல்ல நான் தயாராக இல்லை. அவனுக்கு இன்னும் ஆள் வேண்டும். அந்த ஆள் அம்சாவாகவே இருந்தால், அவள் திங்கட்கிழமை எப்படிப் போவாள்? "சின்னப் பசங்களோட குந்தணுமாப்பா? நான் அவங்களவிட ஒரு மொழம் ஒசரமா இருப்பேனே" என்று நேற்று கேட்டாள். போன ஆண்டே இந்த மேடையில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால், அவள் ஒரு வகுப்பு முன்னே இருந்திருப்பாள். என் கோழைத்தனம் என் குழந்தையின் ஓர் ஆண்டைத் தின்றது.

தறியில் எதிர்ப்பக்கம் காலியாகிறதே, அங்கே யார் என்கிறீர்களா? நான்தான்! சிரிக்காதீர்கள். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். முதல் நாள் நாடாவைப் போட்டேன். அது தறியைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது. வடிவாம்பாள் அறுந்த நூலை முடிந்தாள். மாணிக்கவாசகம்தான், "அண்ணா, பேசிக்கினே போடாத" என்றான். இரண்டாம் மாதத்தில் ஒரு விரல்கடை கரை, பார்க்கும்படி வந்தது. மேடை பாதியாகக் குறைந்துவிட்டது, ஊருக்கும் நிம்மதி.

ஆனால் பகலில் நான் சங்கத்தில் இருப்பேன். பகலுக்கு யார்?

இப்போது உங்களிடம் வருகிறேன். நம் தெருவில் ஒருவர் விடியலில் பாவு விரிக்கிறார். தெருநீளத்துக்குப் பட்டுநூல் நிற்கிறது. யாரையாவது அழைக்கிறாரா? வெற்றிலைபாக்கு வைக்கிறாரா? கம்பு நட்ட சத்தம் கேட்டதும் பல்லைக்கூடத் துலக்காமல் பத்துப் பேர் வந்து பிடிக்கிறோம். பேசாதவன் வருகிறான், பகையாளி வருகிறான், நேற்றுச் சண்டை போட்டவன் வந்து மறுநுனியைப் பிடிக்கிறான். ஏன்? நாளை அவன் பாவுக்கு நாம் வேண்டும். ஒரு பாவுக்குப் பத்துப் பேர் வருகிற தெருவிலே, ஒரு மனிதனுக்கு ஒருவர் வரமாட்டோமா? நூல் அறுந்தால் ஓடி வருகிறோமே, ஒரு குடும்பம் அறுந்துகொண்டிருந்தால் கதவைச் சாத்துகிறோமே, இது என்ன நியாயம்? வெயிலேறினால் பட்டு வீணாகும் என்று பதறுகிற நமக்கு, ஒரு பெண்குழந்தையின் படிப்பு வீணாவது தெரியவில்லையே, இது என்ன கண்?

நான் கேட்பது பெரிதல்ல. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம். வந்து எதிரில் உட்காருங்கள். புத்தி சொல்லவேண்டாம், கோயில் குளம் சொல்லவேண்டாம், பரிகாரம் சொல்லவேண்டாம். பேசவே வேண்டாம். கதவு திறந்தே இருக்கும்.

உன் தம்பி கதையை இப்படி ஊரறியச் சொல்லலாமா என்று யாரோ முணுமுணுக்கிறீர்கள். கேட்டேன் ஐயா, அவனிடமே கேட்டேன். "மேடைல சொல்லட்டுமாடா?" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நான்தான் போன வருசமே சொல்ட்டேனேண்ணா" என்றான்.

கொஞ்சம் பொறுங்கள், ஒரு துண்டுச்சீட்டு வருகிறது. எனக்கு வருகிற துண்டுச்சீட்டில் வழக்கமாக "நேரமாயிற்று, முடிக்கவும்" என்றுதான் இருக்கும். இது பெண்கள் பக்கத்திலிருந்து வருகிறது.

...

பெயர் இல்லை. இருந்தாலும் படித்திருக்கமாட்டேன். எழுதியது சின்னக் கை, எழுத்து மேலும் கீழும் போகிறது. "எங்க வூட்லயும்" என்று எழுதியிருக்கிறது. அவ்வளவுதான் இருக்கிறது.

குழந்தாய், நீ யாரோ, எந்த வீடோ, அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாயோ, அண்ணனைப் பார்த்துக்கொள்கிறாயோ, எனக்குத் தெரியாது. நான் தேடவும் மாட்டேன். இந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன். நீ தயிர்க்காரம்மாவிடம் மட்டும் சொல். அவர் எல்லா வீட்டுக்கும் போகிறவர், எந்த வீட்டில் இறங்கினார் என்று யாரும் எண்ணிக்கொண்டிருக்கமாட்டார்கள். உனக்கும் ஆள் வரும். தனியாகத் தாங்கியது போதும் அம்மா.

சரி, இப்போது கையைத் தூக்குங்கள். யார் வருகிறீர்கள்? அங்கே யார், கடைசியில்? "செவ்வாக்கெழமை நான் வரேன்பா." பழனியா! டீக்கடையை விட்டு வருவாயா? "கடை எங்க போவுது?" என்கிறார். எழுதிக்கொள்ளுங்கள் தலைவரே. புதன்? எதிர்வீட்டு அம்மா கை தூக்குகிறார். தாயே, அன்று சன்னலைச் சாத்தியவர் நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். இன்று கையைத் திறந்துவிட்டீர்கள், அது போதும். வியாழக்கிழமை நான் என்று நம் தலைவரே சொல்கிறார்! ஐயா, கடிகாரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். வெள்ளி அங்கே, சனி இங்கே. திங்கள்? திங்கட்கிழமைக்கு யார்? அன்றுதான் அவள் போகவேண்டும்.

"நானு." அங்கம்மாள். "கூடையோட வந்து மத்தியானம் வரைக்கும் குந்திக்கினு இருக்கேன். பாப்பா போவட்டும்."

போகட்டும்! அம்சா போகட்டும்!

இன்னும் ஒரே ஒரு காரியம். இதோ என் தோளில் இருக்கிறதே, போன ஆண்டுப் பொன்னாடை. என் தம்பி ஒழுங்காக மடித்துக் கொடுத்தது, மடிப்புக் கலையவில்லை. இதை நெய்தவளுக்குப் போர்த்தவேண்டும் என்று எடுத்து வந்தேன். தலைவரே, வடிவாம்பாளை மேடைக்கு அழைக்கலாமா? எங்கே இருக்கிறாள் என்று தேடுகிறீர்கள். பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்கிறீர்கள். அவள் இங்கே இல்லை. எப்படி இருப்பாள்? தம்பி வீட்டில் இருக்கிறான். அம்சாவை, இன்று ஒரு நாளாவது தோழிகளோடு உட்காரட்டும் என்று இங்கே அனுப்பிவிட்டு, தான் தங்கிவிட்டாள். அவளைப் பற்றி இத்தனை நேரம் பேசினேன், ஒரு சொல்லும் அவள் காதில் விழவில்லை. நான் மேடையில் நிற்கும்போதெல்லாம் அவள் வீட்டில்தான் இருந்தாள், இன்றைக்கும் அப்படித்தான்.

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். எனக்கு இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறதாம். கொடுத்த நேரத்தில் ஒரு நிமிடத்தையும் நான் மிச்சம் வைத்ததில்லை. அடுத்தவர் நேரத்தையும் சேர்த்து விழுங்கியவன். இன்று இந்த எட்டு நிமிடத்தை வைத்துவிட்டுப் போகிறேன். வீடு நாலு எட்டில் இருக்கிறது. நான் போய்த் தம்பியின் எதிரில் உட்காருகிறேன், வாயை மூடிக்கொண்டு. அவளை இங்கே அனுப்புகிறேன். அவள் வரமாட்டேன் என்பாள். அம்சா, நீ என்னோடு வந்து அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வா.

அவள் வந்ததும் இந்தப் பொன்னாடையை அங்கம்மாள் போர்த்தட்டும். யாரும் பேச்சுப் பேசவேண்டாம். அவளுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். அவள் உட்காரட்டும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரட்டும். வீட்டில் ஆள் இருக்கிறது.

கேட்டிருந்த காதுகளுக்கும், சிரித்த வாய்களுக்கும், தூக்கிய கைகளுக்கும் என் நன்றி. வேணுகோபால், திருகை விட்டுவிடப்பா, நான் கத்தப் போவதில்லை. வணக்கம், நான் வீட்டுக்குப் போகிறேன்.